அப்பாரு காலத்து 1951 கேடிலாக்கை டிரஸ்டுக்குக் குடுக்கறதுன்னா எப்படிங்க?

தோப்புக்காரன்

வணக்கமுங்க. ஆனைமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில 1951 கேடிலாக் ஒண்ணு நிக்குது. சீரிஸ் 62, நாலு கதவு, இடது பக்க ஸ்டியரிங், ஆட்டோமேட்டிக் கியர். ஆர்.சி. புக்கு இருக்குது, ஆனா காலமாகிப்போன அப்பாரு (தாத்தா) பேர்ல. உயில் இல்லீங்க. வாரிசுன்னு பார்த்தா அப்பாவும் ரெண்டு அத்தைகளும்தான். எஞ்சின் ஓடி ரொம்ப வருசம் ஆச்சு.

வித்துப் பங்கு போட்டுக்கறதை விட, கோயமுத்தூர்ல இலவச டயாலிசிஸ் பண்ற ஒரு டிரஸ்டுக்குக் குடுத்தறலாம்னு வீட்ல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. டிரஸ்டும் சரின்னு சொல்லீட்டாங்க. ஆனா அவங்க இதுக்கு முன்ன வண்டி எதுவும் வாங்கினதில்லை.

வண்டியா குடுத்தா, நன்கொடைக்கு வருமான வரியில கழிவு தர்ற 80ஜி ரசீது கிடைக்குமுங்களா? அமெரிக்காவுல இருக்கிற மச்சான், அங்க போன் போட்டா வந்து எடுத்துட்டுப் போயி வரி ரசீதும் அனுப்பீருவாங்கன்னு சொல்றாரு. ஆர்.சி.யை யார் பேருக்கு மாத்தோணும்? குடுக்கறதுக்கு முன்ன பெயின்ட், குரோம் எல்லாம் பண்ணிக் குடுக்கறது மரியாதைங்களா? இதுக்கு நடுவுல ஒரு புரோக்கர் வந்து ரொக்கமா இப்பவே தர்றேன், எடுத்துக்கறேன்னு நிக்கறாரு.

கணக்குப்பிள்ளை

80ஜி-யை முதல்ல தீர்த்துருவோம். வண்டிக்கு 80ஜி கிடையாது. அந்தப் பிரிவு பணமாகக் கொடுக்கற நன்கொடைக்கு மட்டும்தான். அரிசி, துணி, கட்டில், கார் எதுவா இருந்தாலும் பொருளாகக் குடுத்தா கழிவு இல்லை. பணத்துலயும் ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல போனா செல்லாது. செக் அல்லது வங்கி வழியா போகணும். டிரஸ்டு அதைத் தன் கணக்குல ஏத்தி 10பிஇ சான்றிதழ் தரணும். வெறும் ரசீது மட்டும் வச்சிட்டு இப்ப கழிவு கேட்க முடியாது.

அப்ப வித்துட்டுப் பணத்தைக் குடுத்தா ஆச்சான்னு அடுத்த கேள்வி வரும். ஆகும், ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. டயாலிசிஸ் டிரஸ்டு மாதிரி சாதாரண அறக்கட்டளைக்குக் கழிவு 50 சதவீதம். அதுவும் குடுத்த மொத்தத் தொகையில இல்லை. உங்க மொத்த வருமானத்துல 10 சதவீதம்தான் உச்ச வரம்பு. வரிக்கு உட்பட்ட வருமானம் 12 லட்சம்னு வைங்க. 15 லட்சம் நன்கொடை குடுத்தாலும் கணக்குல எடுக்கறது 1,20,000. அதுல பாதி 60,000. வருமானத்துல கழியறது அவ்வளவுதான். மிச்சத்தை அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. புது வரி முறையில கணக்குத் தாக்கல் பண்றவங்களுக்கு அந்த அறுபதாயிரமும் கிடையாது.

இன்னொண்ணு. உங்களுக்குத் தென்னந்தோப்புதானே? விவசாய வருமானத்துக்கு வருமான வரியே இல்லை. இல்லாத வரியில எதைக் கழிக்கறது? உங்க அப்பாவுக்கும் அத்தைகளுக்கும் வாடகை, வட்டி, மில் பங்குன்னு வரிக்கு உட்பட்ட வருமானம் எவ்வளவுன்னு சொல்லுங்க. அது சின்னதா இருந்தா 80ஜி-யை மறந்துட்டு, எது சுத்தமான வழியோ அதைப் பார்க்கலாம்.

(2026 ஏப்ரல் 1-லிருந்து 2025-ஆம் வருசத்துப் புதுச் சட்டம். பிரிவு எண்கள் மாறியிருக்கும், ஆடிட்டருங்க பழைய எண்ணுலயே பேசுவாங்க. குழம்பிக்காதீங்க.)

ஆறுவோல்ட்

பெயின்ட் அடிக்காதீங்க. குரோம் போடாதீங்க. சீட் தைக்காதீங்க. இந்த மாதிரி வண்டியைத் தேடி வர்றவன் பழைய பெயின்டைத்தான் பார்ப்பான். அடியில என்ன இருக்குன்னு அதுதான் காட்டும். மேல புதுசா அடிச்சிட்டா, பட்டி போட்டு எதையோ மூடியிருக்காங்கன்னு நெனச்சு விலையைக் குறைப்பான். நீங்க போட்ட காசு ஒண்ணுக்குப் பாதி கூடத் திரும்பாது. அது டிரஸ்டுக்குப் போயிருக்க வேண்டிய காசு.

நீங்க செய்ய வேண்டியது நம்பர் பார்க்கறது. இந்த வருசத்துக் கேடிலாக்குல எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் ஒண்ணேதான். 51 மாடல் சீரிஸ் 62-ன்னா 5162-ல ஆரம்பிக்கும். எஞ்சின் பிளாக்குல முன்பக்கம் வலது கைப் பக்கமும், சேசிஸ் வலது சட்டத்துல எஞ்சின் மவுன்டிங்குக்குப் பின்னாலயும் குத்தியிருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ங்க; கம்பி பிரஷ், கிரைண்டர் கிட்டயே கொண்டுபோகாதீங்க. நம்பரைத் தேய்ச்ச அடையாளம் இருந்தா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல தலைவலி. பிளாக்குல வேற ஒரு நம்பரும் இருக்கும், அது ஃபேக்டரி கணக்கு, அதைப் பார்த்துக் குழம்பவேண்டாம். ஃபயர்வால்ல (எஞ்சினுக்கும் வண்டி உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கற சுவர்) ஒரு சின்னத் தகடு இருக்கும். நாலு கதவு செடானா இருந்தா 51-6219-ன்னு பாடி நம்பர் அதுல இருக்கும்.

இதை ஏன் முதல்ல பார்க்கச் சொல்றேன்னா, எழுபதுகள்ல பெட்ரோல் விலை ஏறினப்ப பெரிய அமெரிக்க வண்டிகள்ல வி8-ஐத் தூக்கிட்டு பெர்கின்ஸ் மாதிரி டீசல் எஞ்சின் வச்சது ஊருக்கு ஊர் நடந்தது. எஞ்சின் மாறியிருந்தா வின்டேஜ் பதிவு கிடைக்கறது கஷ்டம், விலையும் வேற. பானெட்டைத் திறந்தா தெரியும்: 331 கன அங்குல வி8, அதாவது 5.4 லிட்டர், எட்டு பிளக், நடுவுல கார்புரேட்டர்.

தோப்புக்காரன்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். பிளாக்குலயும் சட்டத்துலயும் ஒரே நம்பர், 5162-லதான் ஆரம்பிக்குது. ஆர்.சி.யிலும் எஞ்சின், சேசிஸ் ரெண்டு கட்டத்துலயும் அதே நம்பர். எஞ்சின் ஒரிஜினல் வி8-தானுங்க. அப்பாவுக்கு வரி கட்டற வருமானம்னா ஒரு கடை வாடகையும் வங்கி வட்டியும் மட்டும்தான், சின்னத் தொகை. அத்தைகளுக்கு ரெண்டு பேருக்கும் தோட்டம்தான்.

புதுசா ஒரு பிரச்சினை. வண்டியை வெளிய தள்ளிப் போட்டோ எடுக்கலாம்னு பார்த்தா பின் சக்கரம் ரெண்டும் அசையவே மாட்டீங்குது. டிராக்டர் வச்சு இழுக்கலாமுங்களா?

ஆறுவோல்ட்

டிராக்டர் வேண்டாமுங்க! நிறுத்துங்க.

அது ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸ். அதுல 'பி' (பார்க்கிங்) கிடையாது; என். (நியூட்ரல்), டி.ஆர். (டிரைவ்), எல்.ஓ. (லோ), ஆர். (ரிவர்ஸ்) மட்டும்தான். எஞ்சினை நிறுத்திட்டு ஆர்-ல போட்டா அதுதான் பார்க்கிங் லாக். கடைசியா நிறுத்தினவங்க ஆர்-ல போட்டுட்டுப் போயிருப்பாங்க. டிராக்டர்ல இழுத்தா உள்ள இருக்கற பூட்டுப்பல்லு உடையும். அந்தக் கியர்பாக்ஸைப் பிரிச்சுச் சேர்க்கத் தெரிஞ்ச ஆளை நம்ம பக்கம் தேடிப் பிடிக்கறது சுலபமில்லை.

ஸ்டியரிங் கம்பத்துல இருக்கற லிவரை என்.-க்குக் கொண்டுவாங்க. வந்தும் சக்கரம் அசையலைன்னா லிங்கேஜ் (லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கற கம்பி) துருப்பிடிச்சு, மேல என். காட்டினாலும் அடியில ஆர்-லயே நிக்குதுன்னு அர்த்தமா இருக்கலாம். முன் சக்கரம் ரெண்டுக்கும் கட்டை வச்சிட்டு, பின் ஆக்ஸிலைத் தூக்கி ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு குடுங்க. வெறும் ஜாக்கியை நம்பி அடியில போகாதீங்க, வண்டி 1,900 கிலோ கிட்ட. அப்புறம் ஒரு பின் சக்கரத்தைக் கையில சுத்துங்க. இந்தப் பக்கம் சுத்தினா அந்தப் பக்கச் சக்கரம் எதிர்த்திசையில சுத்துதுன்னா பிரேக்ல கோளாறில்லை, கியர்பாக்ஸ்தான் ஷாஃப்ட்டைப் பிடிச்சிருக்கு. அடியில போயி கியர்பாக்ஸ் பக்கவாட்டுல இருக்கற லிவரைக் கையாலயே நகர்த்துங்க. ஒராள் சக்கரத்தை முன்னும் பின்னும் லேசா ஆட்டிக்கிட்டே இருந்தா விட்டுரும்.

சுத்தவே மாட்டேன்னு ஒரு சக்கரம் அடம் பிடிச்சா அது பிரேக். ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடிச்சு இழுத்தமேனிக்கே நிக்கும், இல்லைன்னா லைனிங் டிரம்மோட ஒட்டியிருக்கும். கேபிளைத் தளர்த்துங்க, வீல் சிலிண்டர் பிளீடரைத் திறந்து உள்ள அழுத்தம் நிக்குதான்னு பாருங்க, ஸ்டார் அட்ஜஸ்டரைப் பின்னாடி திருப்புங்க, டிரம் முகத்துல போல்ட்டுக்கு நடுவால சுத்தியலால தட்டுங்க. விளிம்புல அடிக்காதீங்க, வார்ப்பிரும்பு, தெறிச்சிரும். டிரம் கழண்டா உள்ள இருக்கற தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க; பழைய லைனிங் எல்லாம் அஸ்பெஸ்டாஸ். தண்ணி தெளிச்சு ஈரத்துணியில துடைங்க.

எஞ்சின்ல ஒண்ணே ஒண்ணு செய்யலாம்: சுத்துதான்னு பார்க்கறது. 'ஜாம்' ஆன எஞ்சினுக்கும் 'கையில சுத்துது'ங்கற எஞ்சினுக்கும் வர்ற விலை வித்தியாசம் எந்தப் பெயின்டாலயும் வராது. எட்டு பிளக்கையும் கழட்டிட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் 10 முதல் 15 மில்லி ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஆயில் ஊத்தி நாலஞ்சு நாள் ஊறட்டும். பொறவு கிராங்க் புல்லி போல்ட்டுல நீளமான கம்பி போட்டு மெதுவா. பலம் வேண்டாம், கால் அங்குலம் நகர்ந்தாலும் அன்னைக்குப் போதும், மறுபடி ஊறவிடுங்க. பிளக் ஓட்டையைத் துணியால மூடிட்டுச் சுத்துங்க, இல்லைன்னா ஆயில் மூஞ்சிலதான்.

ஸ்டார்ட் பண்ணப் பார்க்காதீங்க. பழைய பெட்ரோல் கோந்து மாதிரி ஆயிருக்கும், பெட்ரோல் பம்ப் டயாஃபிரம் கிழிஞ்சிருந்தா பெட்ரோல் நேரா ஆயில் சம்ப்புல எறங்கும். தேங்காய் மட்டை அடுக்கற சாளைன்னா ஏர் கிளீனர்லயும் சைலன்சர்லயும் எலிக்கூடு இல்லாம இருக்காது. டேங்க்கை மட்டும் வடிச்சிருங்க, ஏத்தறப்ப ஆபத்து குறையும். மூடி எங்கன்னு தேடவேண்டாம்: இடது பின் விளக்குக்குக் கீழ இருக்கற ரிஃப்ளெக்டரை அமுக்கினா விளக்கு மேல தூக்கும், மூடி அதுக்குள்ள.

ஆர்டிஓவாசல்

காகிதத்துக்கு வர்றேன். இறந்தவர் பேர்ல இருக்கற ஆர்.சி.யை நேரா டிரஸ்டு பேருக்கு மாத்த முடியாது. ரெண்டு கட்டம்.

முதல் கட்டம் வாரிசு மாற்றம், படிவம் 31. தாசில்தார் தர்ற வாரிசுச் சான்றிதழ் (இ-சேவையில விண்ணப்பிக்கலாம்), இறப்புச் சான்றிதழ், ஆர்.சி., இன்சூரன்ஸ், அத்தைகள் ரெண்டு பேரும் 'எங்க அண்ணன் பேருக்கு மாத்த ஆட்சேபணை இல்லை'ன்னு தனித்தனியா எழுதிக் குடுத்த நோட்டரி உறுதிமொழி. உயில் இல்லாததால மகளுங்களுக்கும் சம பங்கு. வீட்டுக்குள்ள ஒத்துக்கிட்டாங்கன்னு விட்டுராதீங்க. பின்னாடி டிரஸ்டு விக்கறப்ப வாங்கறவரோட வக்கீல் இதைத்தான் முதல்ல கேட்பார். சட்டப்படி இறந்த மூணு மாசத்துக்குள்ள விண்ணப்பிச்சிருக்கணும், அதனால தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டி வரும்.

ரெண்டாம் கட்டம் அப்பாகிட்ட இருந்து டிரஸ்டுக்கு: படிவம் 29 ரெண்டு நகல், படிவம் 30. டிரஸ்டு பக்கம் அறக்கட்டளைப் பத்திர நகல், பான், 'இந்த வண்டியை ஏத்துக்கறோம், கையெழுத்துப் போட இன்னாருக்கு அதிகாரம்'னு அறங்காவலர் தீர்மானம். பொள்ளாச்சி ஆபீஸ் எல்லையில இருந்து கோயமுத்தூர் எல்லைக்குப் போறதால முகவரி மாற்றமும் சேரும்.

இது ரெண்டுக்கும் முன்ன ஒரு கல்லு இருக்கு. பழைய கையெழுத்துப் புத்தகம்னா 'வாகன்'ங்கற அரசு வண்டிப் பதிவுக் கணினியில வண்டியே இருக்காது. 'பேக்லாக் என்ட்ரி' போடச் சொல்லி விண்ணப்பம் குடுக்கணும். அவங்க பழைய ரெஜிஸ்டரை எடுத்துச் சரிபார்த்து ஏத்துவாங்க. எஞ்சின், சேசிஸ் ரெண்டு கட்டத்துலயும் ஒரே நம்பர்னு பார்த்ததும் தப்பா எழுதியிருக்குன்னு திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். ஆறுவோல்ட் சொன்ன ரெண்டு இடத்தையும் பென்சில் தேய்ச்சு அச்செடுத்து, போட்டோவும் சேர்த்து விண்ணப்பத்தோடயே வச்சிருங்க.

அடுத்து பதிவோட ஆயுள். காலாவதி ஆயிருந்தா புதுப்பிச்சாகணும். 20 வருசம் தாண்டின இறக்குமதிக் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்ட்ல இருந்து 80,000 ரூபாய். அதுக்குப் பதிலா வின்டேஜ் பதிவு பாருங்க. 2021 ஜூலையில வந்த விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருசம் தாண்டின, சேசிஸ், பாடி, எஞ்சின் பெருசா மாத்தாத, வணிகத்துக்கு ஓடாத காருக்கு அது கிடைக்கும். கட்டணம் 20,000, பத்து வருசம் செல்லும், பொறவு அஞ்சு வருசத்துக்கு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம். அந்தப் பழைய நம்பருக்கே வாங்கறவங்ககிட்ட மதிப்பு உண்டு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ்ல பாதித் தள்ளுபடியும் இருக்கு. கமிட்டி வந்து வண்டியைப் பார்க்கும். விண்ணப்பிக்கறதுக்கு முன்ன ஆபீஸ்ல எழுத்துல கேட்டு, யார்கிட்ட போகணும்னு பதில் வாங்கிக்கங்க; கவுன்டர்ல வாய்வார்த்தையா கேட்டா ஆளுக்கொண்ணு சொல்வாங்க.

டிரஸ்டுக்கு இதை முன்கூட்டியே சொல்லிருங்க: வின்டேஜ் பதிவு வண்டியை வாடகைக்கு விடக்கூடாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு மட்டும்தான் ரோட்டுல ஓடலாம். கல்யாண ஊர்வலத்துக்கு விட்டு வருமானம் பார்க்கலாம்னு அறங்காவலர் யாராவது கணக்குப் போட்டா அது நடக்காது.

மிச்சிகன்மாப்பிள்ளை

மச்சான் சொல்றது முழுசா பொய்யில்லைங்க, ஆனா பாதிதான். இங்க அமெரிக்காவுல பொருளாகக் குடுத்தாலும் கழிவு உண்டு. ஆனா 2005-ல இருந்து விதியை இறுக்கீட்டாங்க. தொண்டு நிறுவனம் உங்க காரை வித்தா, வித்த விலை எவ்வளவோ அவ்வளவுதான் கழிவு. 'மார்க்கெட் விலை 20,000 டாலர்'னு நீங்களா எழுதிக்க முடியாது. ஏலத்துல 3,000 டாலருக்குப் போனா 3,000. கழிவு 500 டாலரைத் தாண்டினா 1098-சி படிவம் கையில இருக்கணும். வித்த 30 நாளைக்குள்ள நிறுவனம் அனுப்பணும்.

மார்க்கெட் விலை முழுசா கிடைக்கற வழியும் இருக்கு: நிறுவனமே அந்த வண்டியைத் தன் வேலைக்கு நல்லா பயன்படுத்தணும், இல்லை பெரிய ரிப்பேர் பண்ணி மதிப்பைக் கூட்டணும், இல்லை ஏழைக்குக் குறைஞ்ச விலைக்கோ இலவசமாவோ குடுக்கணும். அப்ப 5,000 டாலருக்கு மேல கேட்டா தகுதியுள்ள மதிப்பீட்டாளர் அறிக்கையும் 8283 படிவமும் வேணும். செலவுகளைத் தனித்தனியா காட்டி கணக்குத் தாக்கல் பண்றவங்களுக்குத்தான் இதெல்லாம். இங்க பெரும்பாலானவங்க ஸ்டாண்டர்டு கழிவு எடுக்கறவங்க. அவங்களுக்குக் கார் தானத்தால வரியில ஒரு சென்ட் குறையாது. போன் போட்டா வந்து எடுக்கறாங்களே, அது பல சமயம் நடுவுல நிக்கற கம்பெனி. வித்ததுல கணிசமான பங்கு அவங்களுக்குப் போயிரும். கேடிலாக் மாதிரி வண்டியைக் கிழட்டு வேனுங்களோட ஒரே ஏலத்துல தள்ளீருவாங்க.

அவினாசிரோடு

ஒரே ஏலத்துல தள்ளீருவாங்கன்னு கடைசியா சொன்னாரே, அதுதான் இங்கயும் பிரச்சினை. டயாலிசிஸ் நடத்தறவங்களுக்குக் கேடிலாக் விக்கத் தெரியாது. உங்க வீட்டுக்கு வந்த அதே புரோக்கர் அவங்க ஆபீசுக்கும் போவார். அதனால என் ரோசனை, வாங்கற ஆளைப் பிடிச்சுக் குடுக்கற வேலையை நீங்களே பார்க்கணும்.

நிலைமையை மறைக்காம ஒரு அறிக்கை தயார் பண்ணுங்க: நம்பர் அச்சு, ஃபயர்வால் தகடு, நாலு கதவையும் திறந்து கதவுக்குக் கீழ இருக்கற சட்டம், தரை, டிக்கி அடி, சேசிஸ்ல பாடி உட்கார்ற இடங்கள், எஞ்சின் சுத்துதா, கண்ணாடி எதெல்லாம் விரிசல். சென்னை மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டரிங் கிளப் மாதிரி சங்கங்கள் வழியா விசாரிச்சா நிஜமா வாங்கறவங்க யார்னு தெரியும். குறைஞ்சது மூணு பேர்கிட்ட எழுத்துல விலை வாங்குங்க. இடது கை ஸ்டியரிங்னா சிலர் ஒதுங்குவாங்க. கேடிலாக் பெரும்பாலும் அப்படித்தான் வந்துதுன்னு தெரிஞ்சவங்க ஒதுங்க மாட்டாங்க. அவினாசி ரோட்டு ஜி.டி. கார் மியூசியத்துலயும் ஒருக்கா கேட்டுப் பாருங்க. ஆனா மியூசியத்துக்குக் குடுத்தா டயாலிசிஸுக்குப் பணம் வராது, அதை வீட்ல பேசிக்கங்க.

வண்டி சாளையை விட்டு நகர்றதுக்கு முன்ன பொருள் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிருங்க. பானெட் மேல இருக்கற பொம்மை, முன்னயும் பின்னயும் இருக்கற 'வி' சின்னம், நாலு வீல் கவர், ரேடியோ, கடிகாரம், ஜாக்கி, பின் விளக்குக் கண்ணாடிகள். இதெல்லாம் தனித்தனியா விலை போறது. வழியில ஒரு வீல் கவர் காணாமப் போனா அந்த ஒண்ணுக்காக ஊர் ஊரா தேடணும்.

குடுக்கற கடிதத்துல, வித்து வர்ற பணம் டயாலிசிஸ் செலவுக்கு மட்டும்னும், குறைஞ்சது மூணு பேர்கிட்ட எழுத்துல விலை வாங்கி அறங்காவலர் கூட்டத்துல முடிவெடுக்கணும்னும் எழுதுங்க. 'பிரிச்சு விக்கக் கூடாது'ன்னு சேர்க்கலாம். 'எப்பவும் விக்கவே கூடாது'ன்னு மட்டும் எழுதாதீங்க. நிறுத்தி வைக்க இடமில்லாத டிரஸ்டுக்கு அது தண்டனை.

கணக்குப்பிள்ளை

வாடகையும் வட்டியும் மட்டும்னு தெரிஞ்சதால என் முடிவு இது: வண்டியை வண்டியாவே டிரஸ்டுக்குக் குடுங்க. அவினாசிரோடு சொன்ன மாதிரி வாங்கற ஆளை நீங்க தேடிக் குடுங்க, ஆனா விக்கறது டிரஸ்டு பேர்ல இருக்கட்டும்.

நீங்க வித்தீங்கன்னா மூலதன ஆதாயக் கேள்வி வரும். சொந்த உபயோகக் கார் மூலதனச் சொத்து இல்லை, லாபத்துக்கு வரி இல்லைன்னு பொதுவா சொல்வாங்க. ஆனா 1983-ல 20,000 ரூபாய்க்கு வாங்கின 1931 மாடல் ஃபோர்டு ஒண்ணை ஒருத்தர் 21 லட்சத்துக்கு வித்த வழக்குல, அதைத் தன் உபயோகத்துக்கு ஓட்டினதுக்கு ஆதாரம் இல்லைன்னு சொல்லி, வரி உண்டுன்னு பம்பாய் உயர் நீதிமன்றம் 2025-ல தீர்ப்புக் குடுத்திருக்கு. சாளையில நின்ன வண்டிக்கு நீங்க என்ன ஆதாரம் காட்டுவீங்க? வரி விழுந்தா நீண்ட கால ஆதாயம் 12.5 சதவீதம், அந்த ஆதாயத்துல 80ஜி-யையும் கழிக்க முடியாது. தானமாக் குடுத்தா அது விற்பனையே இல்லை, உங்களுக்கு ஆதாயமும் இல்லை.

அசையும் பொருளைத் தானம் குடுக்கப் பத்திரப் பதிவு கட்டாயமில்லை, ஒப்படைச்சாலே போதும். ஆனாலும் ஒப்படைப்புக் கடிதம் ரெண்டு பக்கமும் கையெழுத்தோட, தேதி, நேரம் போட்டு வச்சுக்கங்க. வண்டி எப்ப கை மாறுச்சுன்னு கேட்டா அதுதான் ஆதாரம்; ஆனா ஆர்.சி. மாறி வர்ற வரைக்கும் வண்டியால விபத்து நடந்தா சட்டப்படி ஆர்.சி.யில பேர் இருக்கறவர்தான் பொறுப்பு. டிரஸ்டோட 12ஏபி பதிவு (அறக்கட்டளைக்கான வரி விலக்குப் பதிவு) உயிரோட இருக்கான்னு கேளுங்க. அவங்க ஆடிட்டர்கிட்டயும் ஒரு வார்த்தை: தன் வேலைக்குப் பயன்படாத இப்படி ஒரு பொருளை, வாங்கின நிதியாண்டு முடிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல டிரஸ்டு வச்சிருந்தா வரி விலக்குக்கே சிக்கல் வரும். மார்ச் கடைசியில ஒப்படைக்கறதை விட ஏப்ரல்ல ஒப்படைச்சா விக்க அவங்களுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு வருசம் கிடைக்கும்.

புரோக்கர் ரொக்கம்: 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கினா, வாங்கின அதே தொகை அபராதம். அனுப்பி வச்சிருங்க.

தோப்புக்காரன்

தெளிவாயிருச்சுங்க. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில குடுத்தறோம். லிவரை என்.-க்குத் தள்ளி, அடியில இருந்த லிவரையும் நகர்த்தினதுல பின் சக்கரம் ரெண்டும் விட்டுருச்சு. முன் சக்கரம் லேசா உரசுது, ஆனா சுத்துது. ஏத்தறதுக்கு என்ன வண்டி சொல்லோணும்? விளக்கு எரியுதான்னு பார்க்க டிராக்டர் பேட்டரி குடுத்துப் பார்க்கலாமுங்களா?

ஆறுவோல்ட்

டிராக்டர் பேட்டரி 12 வோல்ட்டு. இந்த வண்டி 6 வோல்ட்டு. கேடிலாக் 12-க்கு மாறினது 1953-லதான். குடுத்தீங்கன்னா பல்பு எல்லாம் ஒரே நிமிசத்துல போயிரும், பெட்ரோல் கேஜும் போகலாம். பழைய வயர் மேல துணி சுத்தினது. எலி கடிச்ச இடத்துல ஷார்ட் ஆச்சுன்னா மட்டையோட சேர்ந்து சாளையே எரியும். விளக்கு எரியறதைப் பார்க்க வேண்டாம், 'சோதிக்கலை'ன்னு அறிக்கையில எழுதுங்க.

வண்டி அஞ்சரை மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். சாதாரணக் காரைத் தூக்கற ரெக்கவரி வண்டியில பின்பக்கம் வெளிய நீட்டும். தளம் 20 அடிக்குக் குறையாத, சாய்ஞ்சு எறங்கற பிளாட்பெட் சொல்லுங்க, வின்ச் வேணும். பின் சக்கரத்துக்குப் பின்னால வால் ரொம்ப நீளம். முன்பக்கம் சாய்தளத்துல ஏறறப்ப வால் தரையில உரசும், பம்பர் நெளியும். சாய்தளம் தொடங்கற இடத்துல ரெண்டு பக்கமும் மூணு அங்குலப் பலகை ரெண்டு ரெண்டு போட்டுச் சரிவைக் குறைங்க. கொக்கியைச் சேசிஸ் சட்டத்துல மாட்டுங்க, பம்பர்ல மாட்டினா பம்பர் மட்டும்தான் ஏறும். பிரேக் இல்லாத வண்டிங்கறதால ஒராள் கட்டையோட பின் சக்கரத்துக்குப் பக்கத்துலயே நடந்து வரணும். வண்டிக்கு நேர் பின்னால யாரும் நிக்கக்கூடாது.

மேல ஏறினதும் ஸ்டிராப்பைச் சக்கரத்தைச் சுத்திப் போடுங்க, ஆக்ஸில் மேல போட்டா பிரேக் பைப் நசுங்கும். லிவரை மறுபடி ஆர்-ல போட்டுருங்க. டயர் 8.00-15, காத்து நிக்கலைன்னா டியூப் மட்டும் மாத்திக்கங்க, புது டயர் வாங்கவேண்டாம். வீல் போல்ட்டு முனையில 'எல்' எழுத்து இருந்தா அது எதிர்த்திருகு, வலது பக்கம் திருப்பினாத்தான் கழலும். அதைப் பார்க்காம பைப் போட்டு மிதிச்சு போல்ட்டை முறிச்சிராதீங்க.